காரில் சொந்தங்களைத் தேடி: பணி ஓய்வு பெற்ற தம்பதிகளின் கேள்விகளுக்குப் பதில்

பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பழைய நண்பர்கள் என்று ஊர் ஊராக இருப்பவர்களைச் சொந்தக் காரிலேயே போய்ப் பார்த்து வர நினைக்கும் தம்பதிகளிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பலரும் கேட்டிருப்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 63. விழுப்புரத்தில் நண்பர், திருச்சியில் அண்ணன், மதுரையில் சம்பந்தி, திருநெல்வேலியில் தங்கை, கோவையில் மகள். எல்லோரையும் பார்த்துவிட்டுச் சேலம் வழியாகத் திரும்ப வேண்டும். எட்டு நாள் போதுமா? – வாசகர், தாம்பரம்

எட்டு நாள் வைத்தால் பாதி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே போய்விடும். பதினாறு நாள் ஒதுக்குங்கள்.

நான்குவழிச் சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும், சுங்கச்சாவடி, டீ, கழிவறை, ஊருக்குள் நுழையும் நெரிசல் எல்லாம் சேர்ந்தால் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டாது. 250 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அறுபது வயதைக் கடந்தவர் ஒரே ஆளாக ஓட்டும்போது ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். மதியம் ஒரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எந்த வயதினருக்கும் உடல் தானாகவே தூக்கம் கேட்கும். அதற்கு மேல் கிளம்பினால் இருட்டிவிடும்.

இந்தக் கணக்கில் உங்கள் பயணம் இப்படி அமையும். முதல் நாள் விழுப்புரம், சுமார் 135 கிலோமீட்டர். நண்பர் வீட்டில் ஓர் இரவு. இரண்டாம் நாள் திருச்சி, 165. அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் மதுரை, 135. இரண்டு இரவு. ஆறாம் நாள் திருநெல்வேலி, 160. மூன்று இரவு. அங்கிருந்து கோவைக்கு ஒரே மூச்சில் போக வேண்டாம். ஒன்பதாம் நாள் திண்டுக்கல்லில் தங்கிவிட்டுப் பத்தாம் நாள் கோவை போங்கள். மகள் வீட்டில் நான்கு இரவு. பதினான்காம் நாள் சேலம், 165. பதினைந்தாம் நாள் மறுபடி விழுப்புரம், பதினாறாம் நாள் வீடு. மொத்தம் 1,450 கிலோமீட்டர் அளவில் வரும். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்து 1,600 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் கார் என்றால் 100 லிட்டர் பெட்ரோல்.

புறப்படும் நேரத்தை வெயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பலர் இதை யோசிப்பதே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கோவை போகும்போது காலைச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், விடிந்ததும் கிளம்பலாம். கோவையிலிருந்து சேலம் வடகிழக்கே, சேலத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியிலுள்ள உளுந்தூர்பேட்டை கிழக்கே. அந்த இரண்டு நாளும் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அந்த வெளிச்சத்தில் முன்னால் போகும் பைக் தெரியவே தெரியாது. எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு நாளும் தூரம் குறைவுதான், மதியத்துக்குள் போய்விடலாம்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கயத்தாறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் பக்கவாட்டுக் காற்று சிறிய காரைத் தள்ளும். அங்கே வேகத்தை 70-க்குக் குறைத்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாள்களில் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை வண்டி நகராது.

நம் நான்குவழிச் சாலைகளில் மூன்று இடங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். ஒன்று, நடுத்திட்டில் இருக்கும் திறப்புகள். பக்கத்து ஊருக்குப் போகும் இருசக்கர வாகனம் அங்கே சட்டென்று குறுக்கே வரும். இரண்டு, திறப்பு வரை சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஓரத்திலேயே எதிர்த்திசையில் வருபவர்கள். மூன்று, பின்விளக்கு எரியாமல் ஓரம் கட்டி நிற்கும் லாரிகள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதே கம்பத்தைத் தாண்ட நான்கு நொடி ஆக வேண்டும். மழையில் ஆறு நொடி. நான்குவழி திடீரென்று இருவழியாகக் குறுகும் இடங்களில் முந்தும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏழு வருடக் கார், 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே எடுப்போம். புதுசு மாதிரி இருக்கிறது. சர்வீஸ் விட்டுவிட்டுக் கிளம்பினால் போதும்தானே? – வாசகி, நாகர்கோவில்

போதாது. ஓய்வு பெற்றவர்களின் காரில் கிலோமீட்டர் குறைவாக இருப்பதே பலரை ஏமாற்றிவிடுகிறது. காரில் பல பாகங்கள் ஓட்டத்தால் தேய்வதில்லை, வருடத்தால் கெடுகின்றன.

முதலில் டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பட்டன் புதிதுபோல இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஊருக்குள் 40-இல் ஓடும்போது ஒன்றும் ஆகாது. வெயில் நேரத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும்போதுதான் சூடேறி வெடிக்கும். உங்கள் காரில் முதல் டயர்களே இருந்தால் நான்கையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். யாரும் அதற்குக் காற்று அடிப்பதில்லை.

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36 பிஎஸ்ஐக்குள் வரும். முழுச் சுமைக்கு வேறு எண் தந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாத டயரில் அளக்க வேண்டும். வழியில் அளந்தால் நான்கு பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அது சூட்டினால் ஏறியது. கூடிவிட்டது என்று இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றோடு கிளம்புவீர்கள். டயர் வெடிக்க அதுதான் பெரிய காரணம்.

பேட்டரி மூன்று, நான்கு வருடம்தான் உழைக்கும். குறைந்த தூரம் ஓடும் காரில் அது முழுதாகச் சார்ஜ் ஆவதே இல்லை. ஓர் இரவு நிறுத்திய பின் மீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழ் என்றால் யார் வீட்டு வாசலிலாவது நின்றுவிடும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரி.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என்ஜின் ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் வருடம் ஒருமுறை. வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து கண்ணாடியில் கோடு போடும். மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பானட்டைத் திறந்து எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்வீஸைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் விடாதீர்கள். பத்து நாள் முன்னால் முடித்துவிட்டு, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஆயில் வடிக்கும் போல்ட் சரியாக முடுக்காதது, வீல் நட் தளர்ந்தது, அலைன்மென்ட் கெட்டு ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் அந்த முதல் நூறு கிலோமீட்டரில்தான் தெரியும். ஓட்டிவந்து நிறுத்திய இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஆயில் சொட்டு இருந்தால் மெக்கானிக்கிடம் திரும்பக் கொண்டுபோக நாள் இருக்கும்.

பஞ்சர் ஆனால் வீல் நட்டைக் கழற்றும் வலு 65 வயதில் எல்லோருக்கும் இருக்காது. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதே சாலையோர உதவியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் உதவி வரும். வண்டியை முழுதாக இடது ஓரம் இறக்கி, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைத்துவிட்டு, இருவருமே காரை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். ஏசி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது ஆபத்து.

கேள்வி: கணவருக்கு ஓட்டுநர் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. பயணம் முடிந்து வந்து புதுப்பிக்கலாமா? – வாசகி, கும்பகோணம்

கூடாது. முன்பு முப்பது நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது இல்லை. முடிந்த மறுநாளே உரிமம் செல்லாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏ வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் தருவார்கள். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

அப்படியே ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று மூன்றின் தேதியையும் பார்த்துவிடுங்கள். டிஜிலாக்கர் என்ற அரசுச் செயலியில் வைத்திருந்தால் போலீஸ் ஏற்பார்கள்.

கேள்வி: மனைவி இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எனக்கு ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. வழியில் கழிவறைக்குத் தவிக்க வேண்டும் என்று பயணத்தன்று மாத்திரையை விட்டுவிடுவேன். சரியா? – வாசகர், தஞ்சாவூர்

சரியில்லை. மாத்திரையை விடுவதும், சிறுநீர் வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் பயணத்தில் மூத்தவர்கள் செய்கிற, உடம்பைக் கெடுக்கிற இரண்டு காரியங்கள். பயண நாள்களில் மட்டும் மாத்திரையை வீடு போய்ச் சேர்ந்த பிறகு, மதியம் போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கும் நேரத்தை மாற்றித் தர முடியும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, 80 கிலோமீட்டர் வாக்கில், நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்தால் கழிவறைப் பிரச்சினையும் தீரும், காலில் ரத்தம் உறையும் அபாயமும் குறையும். கழிவறைக்கு ஹோட்டலைவிடப் பெரிய பெட்ரோல் பங்க் நல்லது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேற்கத்திய பாணிக் கழிவறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

இன்சுலின் விஷயம். திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழ் 28 நாள் தாங்கும்; உங்கள் பெட்டியில் உள்ள தாளில் சரியான எண் இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஆகவே சாப்பிட இறங்கினால் மருந்துப் பையும் கூடவே இறங்க வேண்டும். ஐஸ் பேக்கை நேராக இன்சுலின்மேல் படும்படி வைக்காதீர்கள். உறைந்துவிட்டால் அது வீண்தான், உருகிய பிறகும் பயன்படாது. ஒரு துண்டைச் சுற்றி இடையில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் சூட்டில் கெட்டுத் தவறான அளவு காட்டும். அதுவும் அதே பையில்.

உறவினர் வீட்டில் இன்சுலினைப் போட்டுவிட்டு ‘இதோ இலை போடுகிறேன்’ என்ற பேச்சை நம்பி உட்காரக் கூடாது. இலையில் சாதம் விழுந்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விருந்து வீடுகளில் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமாவது சாதாரணம். அந்த இடைவெளியில்தான் சர்க்கரை இறங்கும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்து அளவு 70-க்குக் கீழ் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரே ஓட்டுவதானால், 90-க்குக் கீழ் இருக்கும்போது சாவியைத் தொடக் கூடாது.

மாத்திரைகளை நாள் கணக்கோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். சளி மாத்திரை, வாந்தி மாத்திரை பலவும் தூக்கம் தருபவை. ஓட்டுபவர் போட வேண்டாம்.

கேள்வி: ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வாங்கினால் லாபமா? – வாசகர், வேலூர்

2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது இந்த பாஸ். ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. வழக்கமான சாவடிகளில் ஒவ்வொன்றைத் தாண்டுவதும் ஒரு பயணம். சொந்தப் பயன்பாட்டுக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும். மாநிலச் சாலைகளின் சாவடிகளில் வழக்கம்போலப் பணம் கழியும். தாம்பரம் வாசகர் கேட்டதைப் போன்ற ஒரு சுற்றிலேயே இருபது சாவடிக்கு மேல் வரும். வருடத்தில் இரண்டு முறை அப்படிப் போகிறவர்களுக்குப் பாஸ் நிச்சயம் கட்டுப்படியாகும்.

பாஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கில் 1,000 ரூபாய் இருக்கட்டும். சாவடிக்கு முன்னால் நின்று ரீசார்ஜ் செய்தால் அது ஏறத் தாமதமாகும். டேக் வேலை செய்யாமல் ரொக்கம் கொடுத்தால் 2025-இல் இரு மடங்கு வாங்கினார்கள். 2025 நவம்பர் 15 முதல் யுபிஐயில் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு.

கேள்வி: எல்லோர் வீட்டிலும் தங்க வேண்டுமா, லாட்ஜ் போடலாமா? போகும் வழியில் என் நாத்தனார் வீட்டுக்காரர் தவறிப்போன துக்கமும் விசாரிக்க வேண்டும். எப்படி வரிசைப்படுத்துவது? – வாசகி, ஈரோடு

அண்ணன், தங்கை, மகள் வீடு என்றால் தங்குங்கள். லாட்ஜ் போட்டால் மனம் வருந்தும். சம்பந்தி வீட்டில் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. மருமகள் வேலைக்குப் போகும் வீடு, ஒற்றைப் படுக்கையறை வீடு, படுத்த படுக்கையாக யாராவது இருக்கும் வீடு என்றால் லாட்ஜில் தங்கிச் சாப்பாட்டுக்கு மட்டும் போவதுதான் அவர்களுக்கு உதவி. “மாடி ஏறினால் இவருக்கு முட்டி வலிக்கும், அதனால்தான் கீழ்த்தள ரூமாகப் பார்த்துக்கொண்டோம்” என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்கு நாள் முன்பே நான்கு விஷயம் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை வேளை சாப்பாடு, எது சாப்பிடக் கூடாது, காரை எங்கே விடுவது. தங்கும் ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லா வீட்டிலும் காபி, பலகாரம் தருவார்கள், மறுக்கவும் முடியாது.

துக்க வீட்டுக்குப் போன கையோடு மற்றவர் வீட்டுக்குப் போவதைப் பலரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே, அந்த ஊரில் மற்றவர்களை முதலில் பார்த்துவிட்டு, கடைசி நாளில் துக்க வீட்டுக்குப் போய், அங்கிருந்து லாட்ஜுக்கோ வீட்டுக்கோ திரும்புவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். கிழமை பார்க்கும் வழக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் எப்போது வரலாம் என்று கேட்டுவிடுங்கள். கணவரை இழந்த நாத்தனாரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரக் கூடாது. அரை நாளாவது ஒதுக்குங்கள். வங்கிக் கணக்கு, ஓய்வூதிய மாற்றம் போன்ற காகித வேலைகளில் உங்கள் கணவர் துணையாக இருக்க முடிந்தால், பழக்கூடையைவிட அது பெரிய உதவி.

திரும்பும்போது எல்லோரும் அரிசி, தேங்காய், ஊறுகாய் என்று ஏற்றிவிடுவார்கள். கனமானதை டிக்கியின் அடியில், பின்சீட்டை ஒட்டி வையுங்கள். தேங்காயைப் பின்சீட்டில் தளர்வாகப் போடவே கூடாது; சடன் பிரேக் அடித்தால் தலையில் வந்து மோதும். ஊறுகாய் ஜாடிகளை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் பழைய துணியைத் திணியுங்கள்.

கேள்வி: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் ஒருவரே ஓட்ட வேண்டும். பயமாக இருக்கிறது. – வாசகி, காரைக்குடி

நீண்ட தூரம் போகும் நாள்களுக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பயணத்துக்கும் தேவையில்லை. அவருடைய உரிமத்தை வாங்கித் தேதி பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; செல்லும் உரிமம் உள்ளவர் உங்கள் சம்மதத்தோடு ஓட்டினால் உங்கள் கார்க் காப்பீடு பொருந்தும். முதல் நாள் இரவு அவர் தூங்கினாரா என்பதைத் தயங்காமல் கேளுங்கள். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போட வேண்டும், சட்டமும் அதுதான்.

கணவரே ஓட்டும் நாள்களில் நீங்கள் செய்ய வேண்டியது: வழி பார்ப்பது, போனை எடுப்பது, அவர் கொட்டாவி விட்டாலோ சாலைக் கோட்டிலிருந்து விலகினாலோ நிறுத்தச் சொல்வது. ஏசியை வெளிக்காற்று வராதபடி நெடுநேரம் வைத்தால் உள்ளே கரியமிலவாயு கூடித் தூக்கம் வரும். அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கும் பழைய அலுவலக நண்பரைப் பார்க்கப் போகிறோம். மலைப்பாதைக்கு என்ன செய்ய வேண்டும்? – வாசகர், மதுரை

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும். கட்டணமில்லை, இணையத்தில் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பேட் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். மைசூரு வரை நீட்டுகிறவர்கள் கவனத்துக்கு: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

கேள்வி: இருபது நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். என்னென்ன செய்வது? – வாசகி, திருவண்ணாமலை

உள்ளூர்க் காவல் நிலையத்தில் பூட்டிய வீடு என்று எழுதிக் கொடுங்கள். ரோந்து வரும்போது பார்ப்பார்கள். பாலையும் பேப்பரையும் நிறுத்துங்கள். வாசலில் சேர்ந்து கிடக்கும் பேப்பர்தான் ஆள் இல்லை என்று காட்டிக்கொடுக்கும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். மோட்டார், கீசர் சுவிட்சுகளை அணைத்து, மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்தால் கதவைச் சற்றுத் திறந்தே வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில். ஊரிலிருந்து படங்களைத் திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

நவம்பரில் போவதானால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்ச் சான்றுக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. செல்போனில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் ஜீவன் பிரமாண் வசதி எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யும். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.